கவின்கலைப் பட்டத்துக்கு ஓர் ஐந்தொகை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே தேவகோட்டையிலிருந்து ஆச்சி, எங்கள் பக்க வழக்கில் அக்கா, போன் செய்துவிட்டார். மகள் படம் வரையத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். நான் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன், அதனால் வந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு. போனேன். அத்தான் காபியைக்கூட நிம்மதியாகக் குடிக்க விடவில்லை. "நாலு வருசம் படிச்சு முடிச்சா மாசம் என்ன வரும்? அதை மட்டும் சொல்லுப்பா."

அவர் கேட்டது வரவுப் பக்கம் மட்டும். பற்றை, அதாவது செலவை, எழுதாமல் வரவை மட்டும் எழுதிக்கொண்டு போய் நின்றிருந்தால், எங்கள் ஐயா பர்மாவில் வேலை பார்த்த கடையின் மேலாள் பேரேட்டை முகத்திலேயே எறிந்திருப்பார். அதுவும் பி.எஃப்.ஏ. என்கிற கவின்கலைப் பட்டம் மாதிரி ஒரு படிப்புக்கு ஆட்டமே பற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. பட்டம் ஒன்றுதான், ஒருவர் அதைச் சில ஆயிரங்களுக்கு வாங்குகிறார், இன்னொருவர் பல லட்சத்துக்கு வாங்குகிறார், வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவத்துக்கும் இது பொருந்தும் என்பீர்கள். பொருந்தும், ஆனால் அங்கே பின்னால் வருகிற வருமானம் பெரிது, போட்ட தொகையை எப்படியோ இழுத்து மூடிவிடும். இங்கே அப்படி மூடாது.

முதலில் மலிவான வழி. தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே மரபுச் சிற்பமும் மரபு ஓவியமும் பட்டப்படிப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்னைக் கல்லூரி பழசு. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் தொடங்கியதை இரண்டு வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. ஹன்டர் படம் வரையக் கற்றுக்கொடுத்ததோடு நிறுத்தவில்லை, தொழிற்கலைப் பள்ளியையும் கூடவே சேர்த்துக்கொண்டார் என்பது இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டிய விஷயம். இன்றைக்கும் அங்கே ஓவியம், சிற்பம் தவிர செராமிக், துணி வடிவமைப்பு, பதிப்போவியம், விஷுவல் கம்யூனிகேஷன் என்று பிரிவுகள் இருக்கின்றன. எந்தப் பிரிவு கிடைக்கிறது என்பது எந்தக் கல்லூரி கிடைக்கிறது என்பதைவிடப் பெரிய விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். கை கடிப்பது தங்கும் செலவும், சாப்பாடும், சாமான்களும். கேன்வாஸ், சாயம், பிரஷ், களிமண், பிரேம் என்று மாதாமாதம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும், அதை யாரும் சேர்க்கை நேரத்தில் சொல்லமாட்டார்கள். ஆச்சி மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022-ல் தொடங்கிய திட்டம். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று 2024-ல் வந்தது. அந்த ஆயிரம் சாயத்துக்குச் சரியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு: பி.காம். மூன்று வருடம், பி.எஃப்.ஏ. நான்கு வருடம். அந்த நாலாவது வருடத்தில் பி.காம். முடித்த பெண் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பாள். அதையும் பற்றில் எழுதத்தான் வேண்டும்.

இதெல்லாம் சேர்த்தாலும் ஒரு நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய தொகைதான்.

இப்போது விலைகூடிய வழி. தனியார் கல்லூரி ஒன்றில் ஆண்டுக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், இது நானாக வைத்துக்கொண்ட எண், இதற்குக் கீழேயும் வாங்குகிறார்கள், மேலேயும் வாங்குகிறார்கள். நாலு வருடத்துக்கு 12 லட்சம். கையில் இல்லை, வங்கிக்குப் போகிறோம். கல்விக் கடனில் பொதுவாக 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கைக்காசும் போடவேண்டாம்; அதற்கு மேல் நம் பங்காக ஒரு சிறு தொகையைப் போடச் சொல்வார்கள், 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். கணக்கு எளிதாக இருக்க முழுத் தொகையும் கடன் என்றே வைத்துக்கொள்கிறேன். படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டவேண்டாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று அர்த்தமில்லை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

10 சதவீத வட்டி என்று வையுங்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 3 லட்சம் எடுத்தால், முதல் 3 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததுக்கு நான்கு, அப்புறம் மூன்று, கடைசியாக இரண்டு. தனி வட்டியாகவே போட்டாலும் 4.2 லட்சம். தவணை தொடங்குகிற அன்றைக்குக் கடன் 16.2 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 21,400 ரூபாய். முடியவில்லை, பதினைந்து வருடமாக்குங்கள் என்றால் மாதம் 17,400, ஆனால் மொத்தமாகக் கட்டுவது 31 லட்சத்தைத் தாண்டிவிடும். நான் சொல்லிக்கொண்டே போக, அத்தான் பேசாமல் போய் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வட்டிக் கணக்கை நம் நகரத்தாருக்கு விளக்கவேண்டியதே இல்லை, நாம்தான் வட்டிக்குக் கொடுத்தே பழகியவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாங்குகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, அந்த 21,400-ஐ மனதில் வைத்துக்கொண்டு வரவுப் பக்கம் வருவோம்.

ஓவியம் படித்தால் டிராயிங் மாஸ்டர் ஆகலாம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஆகலாம். ஆனால் மாநில அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் முடித்து, டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருந்தாலே தகுதி. நாலு வருடமும் லட்சங்களும் செலவழித்தவர் அந்த வரிசையில் இவர்களோடுதான் நிற்கவேண்டும். அப்புறம் பகுதிநேர ஆசிரியர்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்குப் பதினாறாயிரம் பேருக்கு மேல் எடுத்தார்கள், தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அது படிப்படியாக ஏறி 2021-ல்தான் 10,000 ஆனது, 2024-ல் 12,500. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடுகிற செய்தி வருடா வருடம் வருகிறது. 12,500-ஐயும் 21,400-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன், ஆச்சி பேப்பரையே திருப்பி வைத்துவிட்டார்.

பட்டம் தன் விலையைக் காட்டுகிற இடம் மத்திய அரசுப் பள்ளிகள். கேந்திரிய வித்யாலயாவில் கலை ஆசிரியர் வேலைக்குக் கவின்கலைப் பட்டமோ அதற்கு இணையான நீண்ட டிப்ளமோவோ கேட்கிறார்கள். அடிப்படைச் சம்பளமே 44,900-ல் தொடங்குகிறது, படிகள் தனி. காரைக்குடியிலேயே ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரு கலை ஆசிரியர், அவர் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி காலியாகாது. நாடு முழுக்கப் போகத் தயார் என்றால்தான் இந்த வாய்ப்பு வாய்ப்பாகும். நவோதயா பள்ளிகளிலும் இதே சம்பளம்தான், தமிழ்நாட்டில் நவோதயாவே கிடையாது. மேலே எம்.எஃப்.ஏ. என்கிற முதுகலை இரண்டு வருடம் படித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் விஷுவல் ஆர்ட்ஸ் எழுதித் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர், அடிப்படை 57,700. ஆக மொத்தம் ஆறு வருடப் படிப்பு, அதற்கப்புறம் காலியிடத்துக்குக் காத்திருப்பு.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். பி.எஃப்.ஏ.வும் பல்கலைக்கழகப் பட்டம்தான். 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று கேட்கிற எல்லாத் தேர்வையும் எழுதலாம், குரூப் 2, வங்கித் தேர்வு எல்லாமே. படம் வரைந்தவள் குமாஸ்தா ஆவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விழுந்தாலும் தரை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவது நல்லதுதான்.

சம்பள வேலையை விட்டால் மற்றது கைத்தொழில் வருமானம். இங்கே பிரிவு முக்கியமாகிறது. விஷுவல் கம்யூனிகேஷன், துணி வடிவமைப்பு படித்தவர்கள் முதலில் சம்பாதிக்கத் தொடங்குவார்கள்: விளம்பர நிறுவனம், அனிமேஷன், சினிமா கலைத்துறை, ஜவுளி. சாபு சிரில் மாதிரி கலை இயக்குநர்கள் சென்னைக் கல்லூரியில் இருந்து வந்தவர்கள்தான், ஆனால் அவரைக் காட்டி ஒரு பெண்ணுக்குச் சீட்டு வாங்கித்தருவது லாட்டரியில் விழுந்தவரைக் காட்டி டிக்கெட் விற்பது மாதிரி. சிற்பம், ஓவியம் எடுத்தவர்களுக்கு முதல் ஐந்தாறு வருடம் வறட்சிதான், அந்த வறட்சியில்தான் மாதத் தவணையும் வந்து நிற்கும். நான் கடனைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இதுதான். கடன் இல்லாத பெண் 12,000 ரூபாய் வேலையில் இருந்துகொண்டு ராத்திரி தன் படத்தை வரையலாம். கடன் இருக்கிறவள் முதல் மாதமே கிடைத்த கம்ப்யூட்டர் வேலையில் உட்கார்ந்துவிடுவாள், நாலு வருடம் படித்த கை அப்படியே கிடக்கும்.

பெரிய ஓவியர்களே இந்த வறட்சியை எப்படிக் கடந்தார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. சென்னைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தன் மாணவர்களோடு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். கடற்கரை ஓரம், ஓவியர்கள் கூட்டாக வாழ்வது என்று கேட்க ரம்மியமாக இருக்கும். ஆனால் அடுப்பு எரிந்தது மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணியாலும் கைவினைப் பொருளாலும்தான். அவற்றை விற்ற காசில் நிலம் வாங்கினார்கள், அந்தக் காசு இருந்ததால்தான் படம் விற்காத வருடங்களைத் தாண்டினார்கள். கோட்டோவியத்தில் பெயர் வாங்கிய கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கண்டாங்கிச் சேலைக்கும் புதுக் கட்டமும் புதுக் கரையும் போட்டுத் தர ஆள் வேண்டியிருக்கிறது, நெசவாளிக்கு அதற்கு நேரமில்லை.

அப்புறம் ஏலச் செய்தி. 2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசைனின் ஓர் ஓவியம் நியூயார்க்கில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனது, வாட்ஸாப்பில் அதை நாலு பேர் அனுப்பினார்கள். அந்தக் காசு ஹுசைன் குடும்பத்துக்குப் போகவில்லை, படத்தை வைத்திருந்தவருக்குப் போனது. நம் காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு உண்டு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் படத்தில் ஓவியருக்கு அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு என்று சொல்கிறது. அது இந்தியாவுக்குள்தான், அதையும் யாராவது வாங்கியதாக என் காதுக்கு எட்டியதில்லை. புதிதாக வருகிறவருக்குப் பொருத்தமான எண் வேறு: கேலரியில் வைத்து விற்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கேலரிக்குப் போகும். படம் 20,000-க்குப் போய், பாதி கேலரிக்கு என்றால் கைக்கு 10,000, அதில் கேன்வாசும் பிரேமும் கழிக்கவேண்டும்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது ஆச்சி மகள் உள்ளே இருந்து வந்து, "அம்மான், நம்ம ஊர்ல வேலை இல்லையா?" என்று கேட்டாள். நான் எதிர்பார்க்காத கேள்வி. யோசித்துப் பார்த்தால் கலையை வைத்துப் பணம் புழங்குகிற ஊர்களில் நம்முடையதும் ஒன்று. நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள், அவை போக ஊருக்கு ஊர் சிவன் கோயில், ஐயனார் கோயில். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் என்று வைத்தால்கூட எங்காவது ஓரிடத்தில் திருப்பணி நடந்துகொண்டேதான் இருக்கிறது, சுதை வேலை, வண்ண வேலை, கல் வேலை. பர்மா தேக்கில் செதுக்கிய நிலைக்கதவைப் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள். பழைய வீடுகள் ஓட்டலாக மாறுகின்றன. 2014-லிருந்து செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி பட்ட பக்கம் பளபளவென்று இருக்கும், சூளையே கிடையாது. அவ்வளவு அருமையான கைவேலை, ஆனால் நான் பார்த்த பட்டறைகளில் ஓடுகிற டிசைன்கள் பெரும்பாலும் பழைய வீடுகளில் பார்த்தவையே. புது டிசைன் போடுகிறவருக்குத் தனிக் கூலி என்று ஒரு பழக்கமே வரவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் செட்டிநாட்டுப் பாணி வீடு கட்டுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு டிசைன் கேட்கிறார்கள், அதற்குக் காசும் தரத் தயாராக இருக்கிறார்கள். இந்த இடத்தில் படித்த கைக்கு வேலை உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் அதற்கு மதிப்பீடு போடத் தெரியவேண்டும், முன்பணம் கேட்கத் தெரியவேண்டும், பில் எழுதத் தெரியவேண்டும். என் ஆபீசுக்கு வருகிற கலைக்காரர்களில் பாதிப் பேர் கணக்கு என்று கொண்டு வருவது ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கசங்கிய ரசீது.

பட்டமே இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்களும் நம்மூரில் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஸ்தபதி குடும்பத்துப் பையன் பத்து வயதில் உளி பிடிக்கிறான், பதினெட்டு வயதில் கூலி வாங்குகிறான். நம் பழைய பெட்டியடிப் பையன் முறையும் அதுதான், கடையில் எடுபிடியாகப் போய், அடுத்தாளாகி, அப்புறம் மேலாள் ஆவது. மூன்று வருடக் கணக்குக்கு ஒரு தடவை ஊருக்கு வருவது. கற்கிற காலத்திலேயே சோறு கிடைத்தது. பிள்ளையார்பட்டியில் 1927-ல் பிறந்த வை. கணபதி ஸ்தபதி தொழிலை அப்பாவிடம் கற்றவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதமும் படித்தவர், பிறகு மாமல்லபுரக் கல்லூரியின் முதல்வராக இருந்தார், கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவரை நிறுத்தினார். பரம்பரைத் தொழிலோடு பட்டமும் சேர்ந்தால் எங்கே போகலாம் என்பதற்கு அவர் உதாரணம். பரம்பரை இல்லாத பெண்ணுக்கு அந்தப் பட்டறைக்குள் நுழைய வேறு வாசல் கிடையாது, பெண் பிள்ளையை யாரும் கல் பட்டறையில் எடுபிடியாகச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். கல்லூரிதான் அவளுக்கு வாசல். பையனைவிடப் பெண்ணுக்கு இந்தப் பட்டத்தின் மதிப்பு கூடுதல் என்று நான் சொல்வது இதனால்தான், அத்தான் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருடைய கடைசி அஸ்திரம் கம்ப்யூட்டர். "இப்பதான் போன்ல ஒரு வரி எழுதினா படமே வந்துருதே, அப்புறம் இவ எதுக்கு?" நியாயமான கேள்வி. காரைக்குடியில் கடைப் பெயர்ப் பலகை எழுதியவர்களை ஃப்ளெக்ஸ் வந்து ஒரு சில வருடத்தில் காலி செய்ததை நானே பார்த்திருக்கிறேன், எங்கள் ஆபீஸ் பலகையை எழுதியவர் பிறகு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார். சாதாரண விளம்பரப் படம், புத்தக அட்டை மாதிரியான வேலைகளுக்கு அதே கதி வரும், வந்துகொண்டும் இருக்கிறது, ஆகவே விஷுவல் கம்யூனிகேஷன்தான் பத்திரம் என்று முன்பு போல அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சுதை, செராமிக், தறி, பழுதுபார்ப்பு மாதிரி கையால் தொட்டுச் செய்கிற வேலைகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இது என் ஊகம், கணக்கில்லை, பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போதைக்கு முடிவானது இவ்வளவுதான். கும்பகோணத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் விண்ணப்பம் போடுவது. கிடைத்தால் போவது. கிடைக்காவிட்டால் காரைக்குடியிலேயே பி.காம். சேர்ந்துகொண்டு ஓவியம் லோயர், ஹையர் எழுதுவது, அடுத்த வருடம் மறுபடி முயல்வது. மத்திய அரசின் கலாசாரத் துறை 18 முதல் 25 வயதுவரை உள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருடம் மாதம் 5,000 உதவித்தொகை தருகிறது, அதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடன் வாங்கித் தனியார் கல்லூரி என்ற பேச்சு மட்டும் எடுக்கக்கூடாது என்று அவளிடமே சொல்லிவிட்டேன், தலையாட்டினாள். அத்தான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி போன் செய்து, கும்பகோணத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் எப்படி என்று மட்டும் கேட்டார்.